நைல் குரூஸ் போகிறவர்களுக்கு: லக்ஸர் முதல் அஸ்வான் வரை ஒரு முழு வழிகாட்டி

எகிப்துக்குப் போய் நைல் நதியில் குரூஸ் போகவேண்டும் என்று முடிவெடுத்த பிறகு, விவரம் சேகரிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஏஜென்ட் ஒன்று சொன்னார், விளம்பரத்தில் வேறொன்று இருந்தது, படகில் ஏறியதும் மூன்றாவதாக ஒன்று நடந்தது. நீங்களும் அதையெல்லாம் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் நீச்சல் குளத்தின் படத்தையும் கேபின் கட்டிலையும் பார்த்துத்தான் படகைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் நிகழ்ச்சி நிரல் என்ற அந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது. எந்தக் கோவிலுக்கு எத்தனை மணிக்குப் போகிறோம், கட்டணத்தில் எது அடக்கம், எது இல்லை என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

1. எந்தத் திசை, எத்தனை இரவு

வழக்கமான குரூஸ் லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே போய்வருகிறது. லக்ஸரில் ஏறினால் பெரும்பாலும் 4 இரவு, அஸ்வானில் ஏறினால் 3 இரவு. வழியில் நிற்கும் ஊர்கள் இரண்டுக்கும் ஒன்றுதான்: எஸ்னா, எட்ஃபு, கோம் ஓம்போ. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால், அஸ்வான் நோக்கிப் போகும் படகு நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்.

முடிந்தால் 4 இரவையே எடுங்கள். லக்ஸரின் கிழக்குக் கரையில் கர்னாக் கோவிலும் லக்ஸர் கோவிலும் இருக்கின்றன. மேற்குக் கரையில் பழைய மன்னர்களின் கல்லறைகள் உள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கும் ஹட்ஷெப்சுட் அரசியின் கோவிலும் இருக்கின்றன. இந்த நான்கையும் ஒரே நாளில் திணித்தால் பிற்பகலுக்குள் கண் இருட்டும், எதைப் பார்த்தோம் என்றே நினைவிருக்காது. 3 இரவுதான் கிடைக்கிறது என்றால், லக்ஸரில் இறங்கி ஓர் இரவு ஓட்டலில் தங்குங்கள்.

இன்னொன்று, பலர் எதிர்பார்த்துவந்து ஏமாறுவது: இந்த வழியில் பிரமிடு கிடையாது. கீசா பிரமிடுகள் கெய்ரோவை ஒட்டி இருக்கின்றன. அங்கிருந்து லக்ஸர் சாலை வழியில் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். கெய்ரோவுக்குத் தனியாக இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். கெய்ரோவிலிருந்து லக்ஸருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். இரவு ரயிலும் உண்டு, அதில் பத்து மணி நேரம் பிடிக்கும்.

ஒவ்வொரு படகும் வாரத்தில் குறிப்பிட்ட கிழமைகளில்தான் கிளம்பும். அதனால் முதலில் படகை உறுதி செய்யுங்கள், விமான டிக்கெட்டை அதற்கேற்பப் பிறகு எடுங்கள். விமானத்தை முதலில் எடுத்தவர்கள் படகுக்காக லக்ஸரில் காத்துக்கிடப்பது சாதாரணமாக நடக்கிறது.

2. எந்த மாதம்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். படகு மலிவாகக் கிடைக்கும் என்று அப்போது போகிறவர்கள், அதிகாலையிலும் மாலையிலும் மட்டுமே வெளியே நடக்க முடியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களையோ சிறு குழந்தைகளையோ அந்த மாதங்களில் அழைத்துப்போக வேண்டாம். விலைக் குறைவு அதற்கு ஈடாகாது.

ரமலான் மாதத்தில் சில இடங்களைச் சீக்கிரம் மூடுவார்கள். பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய இரண்டு நாட்களில், அஸ்வானுக்குத் தெற்கே பாறையைக் குடைந்து செய்த அபு சிம்பெல் கோவிலின் கருவறை வரை சூரிய ஒளி பாயும். அன்று அங்கே திருவிழாக் கூட்டம். அதைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். நோக்கம் அதுவல்ல என்றால் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

3. படகும் கேபினும்

மூன்று வகைப் படகுகள் உண்டு. பெரும்பாலானவர்கள் போவது நூறு பேருக்கு மேல் தங்கும் மோட்டார் கப்பலில். அடுத்தது தஹபியா: பத்து கேபினுக்கு உட்பட்ட பாய்மரப் படகு, காற்று இல்லாதபோது சிறு இழுவைப் படகு இழுத்துப்போகும். பெரும்பாலும் எஸ்னாவில்தான் ஏறவேண்டும். பெரிய கப்பல்கள் நிற்காத கெபெல் எல் சில்சிலா மணற்கல் சுரங்கங்கள், எல் காப் கல்லறைகள் போன்ற இடங்களில் இது நிற்கும். விலை அதிகம். அமைதியும் அதிகம், கையில் பணமும் நாளும் இருந்தால் நான் தஹபியாவைத்தான் பரிந்துரைப்பேன். மூன்றாவது ஃபெலூக்கா. கேபின் கிடையாது, திறந்த தளத்தில் மெத்தை போட்டுப் படுக்கவேண்டும், கழிப்பறைக்குக் கரை இறங்கவேண்டும். இளைஞர்களுக்கு ஓர் இரவு சரி, குடும்பத்துக்கு ஆகாது.

மோட்டார் கப்பலின் ஐந்து நட்சத்திரம் என்பது எகிப்தியக் கணக்கு. நட்சத்திரத்தை நம்பாமல், படகு கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது என்று கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் பயணிகள் எடுத்துப் பதிவிட்ட படங்களைத் தேடிப் பாருங்கள்.

கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது பின்பகுதி வேண்டாம், எஞ்சின் சத்தமும் அதிர்வும் அங்கேதான். மிகக் கீழ்த்தளத்தில் ஜன்னல் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் இருக்கும். மிக மேல்தளத்தில், தலைக்கு மேலே உள்ள திறந்த மொட்டைமாடியான வெயில்தளத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் வரும். நடுத்தளத்தில் முன்பக்கமோ நடுவிலோ கேளுங்கள்.

ஆற்றைப் பார்த்த கேபின் என்று அதிகப் பணம் கொடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். துறைகளில் இடம் குறைவு என்பதால் கப்பல்களை ஒன்றையொட்டி ஒன்றாக நான்கைந்து வரிசை கட்டி நிறுத்துவார்கள். கரைக்குப் போக மற்ற கப்பல்களின் வரவேற்பறை வழியாகத்தான் நடந்துபோக வேண்டும். காலையில் திரையை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கப்பலின் திரை தெரியும். இரவில் கேபின் விளக்கைப் போடும் முன் திரையை மூடிக்கொள்ளுங்கள்.

4. விசாவும் ஆவணங்களும்

பாஸ்போர்ட் நீங்கள் எகிப்தில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

விசா விதி உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, பட்டியலையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். எகிப்து அரசின் இ-விசா தளத்தில் உங்கள் நாட்டின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே பெயரில், அதே நிறத்தில் போலித் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். இரண்டு மூன்று மடங்கு பணம் வாங்குவார்கள். முகவரியில் அரசுத் தளத்துக்குரிய “.gov” என்ற பகுதி இருக்கிறதா என்று பார்த்தபிறகே கார்டு எண்ணைக் கொடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஷெங்கன் விசா இருந்தால், எகிப்து விமான நிலையத்திலேயே விசா வாங்கும் வசதி உண்டு. இதை நம்பிப் போகும் முன் உங்கள் விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் உறுதி கேட்டு, அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தடுக்கப்போவது கெய்ரோ அதிகாரி அல்ல, நீங்கள் கிளம்பும் ஊரில் போர்டிங் பாஸ் தரும் கவுண்டர்தான். இப்படிப்பட்ட விசா எதுவும் இல்லாதவர்கள் புது தில்லியில் உள்ள எகிப்தியத் தூதரகத்திலோ மும்பைத் துணைத் தூதரகத்திலோ விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

விமான நிலைய விசா என்றால், குடியேற்ற வரிசைக்கு முன்னால் இருக்கும் வங்கிக் கவுண்டரில் டாலர் கொடுத்து ஒட்டுவில்லை வாங்கவேண்டும். இடையில் பெயர்ப்பலகை பிடித்து நிற்பவர்கள் “நான் வாங்கித் தருகிறேன்” என்று அதிக விலை சொல்வார்கள். நேராக வங்கிக் கவுண்டருக்குப் போங்கள்.

கையில் வைத்திருக்கவேண்டியவை: படகு உறுதிச்சீட்டு, ஓட்டல் பதிவு, திரும்பும் விமான டிக்கெட், மூன்று மாத வங்கி அறிக்கை, பயணக் காப்பீடு, நான்கு புகைப்படம், பாஸ்போர்ட்டின் இரண்டு நகல். எல்லாவற்றையும் தாளில் வைத்திருங்கள், போனில் மட்டும் வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு வழியாக வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்றும் காட்டவேண்டும். மாணவர்கள் சர்வதேச மாணவர் அட்டை எடுத்துப்போனால் கோவில் டிக்கெட் பாதி விலை. குடும்பத்தில் இரண்டு மாணவர்கள் இருந்தால் இதிலேயே கணிசமாக மிஞ்சும்.

இரண்டு எச்சரிக்கை. டிரோன் கொண்டுபோகாதீர்கள், அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிமுதல். ட்ராமடால் கலந்த வலி மாத்திரை எகிப்தில் கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, அதற்காகச் சிறைக்குப் போன சுற்றுலாப் பயணிகள் உண்டு. மூட்டுவலிக்கோ முதுகுவலிக்கோ மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் உடன் வந்தால், அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

5. மொத்தச் செலவு

நல்ல நிலையில் உள்ள மோட்டார் கப்பலுக்கு, இருவர் தங்கும் கேபினில், ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சுமார் 100 முதல் 200 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஏறும், கோடையில் இறங்கும். தனியாகப் போகிறவர்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. இதில் கேபினும் மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம். அதற்கு மேல் எல்லாமே கேள்விக்குறிதான்.

முதலாவது கோவில் டிக்கெட். 2025-ல் வெளிநாட்டவருக்கான விலை ஏறத்தாழ இப்படி இருந்தது: மன்னர்களின் பள்ளத்தாக்கு 750 எகிப்து பவுண்டு, கர்னாக் 600, எட்ஃபு 550, ஃபிலே (அஸ்வானில் உள்ள தீவுக் கோவில்) 550, லக்ஸர் கோவில் 500, கோம் ஓம்போ 450, ஹட்ஷெப்சுட் 440. கூட்டினால் 3,840 பவுண்டு. ஒரு டாலர் சுமார் 50 பவுண்டு என்ற கணக்கில் 77 டாலர். விலையை அடிக்கடி உயர்த்துகிறார்கள், கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். “டிக்கெட் எல்லாம் சேர்த்து” என்று ஏஜென்ட் சொன்னால், கோவில்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்குச் சேர்த்துச் சொன்ன தொகையில் ஃபிலேவுக்குப் போகும் மோட்டார் படகுக் கட்டணம் இல்லை என்பது அந்தத் துறையில் நின்றபோதுதான் தெரிந்தது.

முக்கியமான பொறி இங்கேதான்: பெரிய தொல்லியல் இடங்களின் கவுண்டர்களில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு மட்டுமே. உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா, கடையில் தேய்க்கும் வரம்பு எவ்வளவு என்பதை வங்கிச் செயலியில் கிளம்பும் முன்பே பாருங்கள். உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமான ரூபே கார்டு அங்கே ஓடாது. வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரை மணிக்குப் பள்ளத்தாக்கு வாசலில் கார்டு மறுக்கப்பட்டு நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பின்னால் நிற்பவரிடம் ரொக்கத்தைக் கொடுத்து அவர் கார்டைத் தேய்க்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள்.

அடுத்தது பக்ஷீஷ், அதாவது டிப்ஸ். இதை விருப்பம் என்று நினைக்காதீர்கள், அங்கே அது கூலியின் ஒரு பகுதி. கப்பல் ஊழியர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 முதல் 10 டாலர், கடைசி இரவில் உறையில் போட்டு வரவேற்பில் கொடுப்பது வழக்கம். வழிகாட்டிக்குத் தனி, ஓட்டுநருக்குத் தனி, பெட்டி தூக்குபவருக்குத் தனி, கழிப்பறை வாசலில் காகிதம் தருபவருக்கும் தனி. 10, 20 பவுண்டு நோட்டுகள் ஒரு கட்டு இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். ஏடிஎம்மில் 200 பவுண்டு நோட்டாகத்தான் வரும். வங்கியிலோ கப்பல் வரவேற்பிலோ சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள். டாலர் கொண்டுபோனால் கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இல்லாத நோட்டாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வாங்கமாட்டார்கள்.

குடிதண்ணீர் பாட்டில், குளிர்பானம், காப்பி என எல்லாவற்றுக்கும் பெரும்பாலான கப்பல்களில் கணக்கு எழுதிவைத்துக் கடைசி நாளில் பில் தருவார்கள். சாப்பாட்டு மேசையில் கேட்காமலே பாட்டிலைத் திறந்து வைத்தால் அதுவும் கணக்குதான்.

6. பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கவேண்டியவை

படகின் பெயரும், அது கிடைக்காவிட்டால் மாற்றாக எந்தப் படகு என்பதும் உறுதிச்சீட்டில் இருக்கவேண்டும். “அல்லது அதற்கு இணையான படகு” என்ற ஒரு வரியை வைத்துத்தான் பலருக்குப் பழைய படகு தலையில் கட்டப்படுகிறது. எஸ்னா கோவில் நிரலில் உண்டா, வழிகாட்டி உங்களுக்கு மட்டுமா அல்லது இருபது பேருக்கு ஒருவரா, அவர் ஆங்கிலம் பேசுவாரா, எட்ஃபுவில் கோவிலுக்குப் போகும் வண்டி யார் செலவு, விமான நிலையத்திலிருந்து அழைத்துவருவார்களா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்: இவை அனைத்துக்கும் பதில் வரும் வரை முன்பணம் வேண்டாம். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்டால் வேறு இடம் பாருங்கள்.

7. ஏறும் நாள்

பகல் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேருங்கள். வரவேற்பில் பாஸ்போர்ட்டை வாங்கிவைப்பார்கள். போலீஸ் பதிவுக்காக வழக்கமாகச் செய்வதுதான், பயப்பட வேண்டாம். மாலைக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றே வழிகாட்டியைப் பிடித்து, அடுத்த நாட்களின் எழுப்பும் நேரம், கிளம்பும் நேரம் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேபினில் வைஃபை பலவீனம். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கிவிடுவது நல்லது. மின்செருகிக்கு இரட்டை உருண்டை முள் கொண்ட ஐரோப்பிய வகை அடாப்டர் தேவை.

டிசம்பர், ஜனவரியில் கனமான ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையோடு வருகிறவர்கள் அதிகாலையில் வெயில்தளத்தில் நடுங்குகிறார்கள்.

8. வழியில் ஒவ்வொரு இடமும்

*மேற்குக் கரை.* மன்னர்களின் பள்ளத்தாக்கு காலை 6 மணிக்குத் திறக்கும். எட்டு மணிக்கு மேல் பேருந்துகள் வந்து குவியும், அதற்குள் உள்ளே இருக்க முயலுங்கள். சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமன், முதலாம் சேத்தி ஆகியோரின் கல்லறைகளுக்கும், ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் இருவருக்கும் பொதுவான கல்லறைக்கும் தனி டிக்கெட். எல்லாரும் துட்டன்காமன் கல்லறைக்கு ஓடுவார்கள். அது சிறிய கல்லறை, மன்னனின் உடல் மட்டும் அங்கே இருக்கிறது, தங்கப் பொக்கிஷங்கள் கெய்ரோவுக்கு அருகே உள்ள புதிய பெரிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு தனி டிக்கெட்தான் வாங்கமுடியும் என்றால் ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் கல்லறைக்கு வாங்குங்கள். அதன் உள்ளறைக் கூரையில் வானத் தேவதை நூட்டின் உடல் அறையின் நீளம் முழுக்க இரண்டு முறை வரையப்பட்டிருக்கிறது. மாலையில் சூரியனை வாயால் விழுங்கி, உடலுக்குள் இரவெல்லாம் நகர்த்தி, விடியலில் பெற்றெடுக்கிறாள். அந்தச் சிவப்பு வட்டங்களைக் கூரையில் வரிசையாகப் பின்தொடர்ந்து பார்க்கலாம். கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் நில்லுங்கள்.

சாதாரண டிக்கெட்டின் மூன்றுக்கு: மூன்றாம் ராம்சேஸ், நான்காம் ராம்சேஸ், மெரன்ப்தா திறந்திருந்தால் அதுவும். மெரன்ப்தா கல்லறை செங்குத்தாக இறங்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் ஒன்பதாம் ராம்சேஸை எடுக்கலாம். உள்ளே புழுக்கமாக இருக்கும், தண்ணீர் கையில் இருக்கட்டும். போனில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். காவலர் தனியாக ஒரு மூலைக்குக் கை காட்டி அழைத்தால் அது காசுக்குத்தான். பார்க்கவேண்டாம் என்றால் “லா, ஷுக்ரன்” (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடங்கள். நின்று விளக்கம் சொன்னால் பேரம் தொடங்கிவிடும்.

வெப்பக்காற்று பலூனும் இங்கேதான், விடியும் முன் அழைத்துப்போவார்கள். 2013-ல் லக்ஸரில் நடந்த பலூன் விபத்தில் 19 பேர் இறந்தார்கள். போவதானால் உங்கள் காப்பீட்டில் பலூன் அடங்குமா என்று பாருங்கள். காற்று பலமாக இருந்தால் ரத்து செய்வார்கள், பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்பே கேளுங்கள்.

*எஸ்னா.* இங்கே ஆற்றின் குறுக்கே தடுப்பணை இருக்கிறது. படகு ஒரு நீண்ட தொட்டிக்குள் நுழையும், பின்கதவு மூடும், தண்ணீர் ஏறியதும் முன்கதவு திறக்கும். இதற்கு லாக் என்று பெயர். கடப்பதற்கு அரை மணி நேரம்தான் ஆகும், ஆனால் வரிசையில் முன்னால் கப்பல்கள் நின்றால் பல மணி நேரம் காக்கவேண்டும். உங்கள் மொத்த நேர அட்டவணையும் இந்த ஒரு இடத்தைத்தான் நம்பியிருக்கிறது. எட்ஃபு காலைக்குப் பதில் மாலைக்கு மாறினால் வழிகாட்டியைத் திட்டிப் பயனில்லை.

லாக்கை நெருங்கும்போது சிறு துடுப்புப் படகுகள் கப்பலோடு ஒட்டிக்கொள்ளும். மேசைவிரிப்பும் கலாபியா என்ற நீள அங்கியும் பிளாஸ்டிக் உறையில் சுருட்டப்பட்டு, கீழேயிருந்து மூன்று மாடி உயரம் பறந்துவந்து வெயில்தளத்தில் விழும். வேண்டும் என்றால் கத்திப் பேரம் பேசி, பணத்தை அதே உறையில் வைத்துத் திருப்பி வீசவேண்டும். வேண்டாம் என்றால் உறையைப் பிரிக்காமல் திருப்பி வீசுங்கள். பிரித்தால் வாங்கியதாகக் கணக்கு. கப்பலில் ஒரு இரவு எகிப்திய உடை விருந்து நடக்கும், அந்த அங்கி அதற்கு உதவும்.

எஸ்னாவில் உள்ள க்னூம் தெய்வத்தின் கோவிலைப் பல கப்பல்கள் விட்டுவிடுகின்றன. தெரு மட்டத்துக்கு ஏறத்தாழ 9 மீட்டர் கீழே, கடைத்தெருவுக்கு நடுவில் இருக்கிறது. எகிப்திய, ஜெர்மானிய வல்லுநர்கள் 2018 முதல் அதன் கூரையிலும் 24 தூண்களிலும் படிந்த கரியைச் சுத்தம் செய்து நிறங்களை வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த வழியில் மற்ற கோவில்கள் பெரும்பாலும் மணல் நிறம். இங்கே நீலமும் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று தெரிகின்றன. படகு லாக்குக்காக நிற்கும் நேரத்தில் போய்வர முடியுமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

*எட்ஃபு.* ஹோரஸ் தெய்வத்தின் கோவில், பழைய எகிப்தின் கோவில்களில் மிக முழுமையாக நிற்பவற்றில் ஒன்று. துறையிலிருந்து குதிரை வண்டியில் போவது வழக்கம். பல குதிரைகள் மெலிந்து, காயத்தோடு இருக்கின்றன. பார்க்க மனம் கேட்காதவர்கள் முதல் நாளே வழிகாட்டியிடம் சொன்னால் ஆட்டோவோ வேனோ ஏற்பாடு செய்வார். குதிரை வண்டியில் போனால் வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதே வண்டியைத் தேட உதவும். பணத்தைத் திரும்பி வந்த பிறகுதான் கொடுக்கவேண்டும். எல்லாக் கப்பல்களும் ஒரே நேரத்தில் வந்து சேரும் ஊர் இது, குழுவை விட்டு விலகாதீர்கள்.

*கோம் ஓம்போ.* படகுத்துறையிலிருந்து நடந்தே போகலாம். ஒரே கோவிலில் முதலைத் தெய்வம் சொபெக்குக்கும் பருந்துத் தெய்வம் ஹரோவெரிஸுக்கும் இரண்டு சந்நிதி. மாலை வெளிச்சத்தில், விளக்கு போட்ட பிறகு மிக அழகு. பதப்படுத்திய முதலைகளை வைத்திருக்கும் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவில் டிக்கெட்டே போதும், எறிந்துவிடாதீர்கள். திரும்பிவரும்போது வரிசையாக நிற்கும் கப்பல்களில் உங்களுடையது எது என்று தெரியாமல் போகும். கிளம்பும் முன் பெயரையும், எத்தனையாவது வரிசை என்பதையும் பார்த்துவையுங்கள். மற்ற கப்பல்கள் நகர்ந்தால் வரிசை மாறிவிடும்.

*அஸ்வான்.* ஃபிலே கோவில் தீவில் இருக்கிறது, மோட்டார் படகில் போகவேண்டும். நைலின் குறுக்கே உள்ள உயர் அணையையும், செதுக்கி முடிக்காமல் பாறையிலேயே விடப்பட்ட ஒற்றைக்கல் தூணையும் பேக்கேஜில் சேர்த்திருப்பார்கள். அணையில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நேரம் குறைந்தால் அதை விட்டுவிட்டு ஃபிலேவில் கூடுதலாக ஒரு மணி நேரம் கேளுங்கள்.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு: ஆடும் பலகையில் ஏறுவது, கப்பலிலிருந்து கப்பலுக்குத் தாண்டுவது, ஃபிலே படகில் கால் வைப்பது, எஸ்னாவின் படிக்கட்டு ஆகியவைதான் சிரமமான இடங்கள். பள்ளத்தாக்கிலும் ஹட்ஷெப்சுட்டிலும் வாசலிலிருந்து பாட்டரி வண்டி உண்டு. எல்லாக் கப்பலிலும் லிஃப்ட் இருக்காது, பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

9. அபு சிம்பெல்: சேர்க்கலாமா?

சேர்த்துக்கொள்ளுங்கள். அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர், சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அதிகாலை நான்கு மணி வாக்கில் கிளம்பி, இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, பிற்பகலில் திரும்பலாம். கப்பல் காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரும், முந்தைய இரவே சொல்லிவைக்கவேண்டும். இது பெரும்பாலும் கூடுதல் கட்டணம். வண்டி பகிர்வா தனியா, நுழைவு டிக்கெட் அடக்கமா, அங்கே வழிகாட்டி வருவாரா என்று மூன்றையும் கேளுங்கள். முன்பே பதிவு செய்யுங்கள், பயணிகளின் பட்டியலை முன்கூட்டியே கொடுக்கவேண்டியிருக்கும்.

உங்கள் நிரலில் அஸ்வானில் ஒரு முழு நாள் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள். படகு மதியமே கிளம்பும் 3 இரவுப் பயணத்தில் இதைச் சேர்த்தால் ஃபிலே கைவிட்டுப் போகும்.

10. சாப்பாடும் உடல்நலமும்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பட்டினி இல்லை. ஃபாவா என்ற மொச்சை போன்ற பயறை வேகவைத்து மசிக்கும் ஃபூல், அதே பயறில் பொரிக்கும் தாமியா, எள் அரைத்த தஹினி, ரொட்டி, சோறு, காய்கறி எல்லாம் பஃபேயில் இருக்கும். பருப்பு சூப்பையும் மொலோகியா என்ற கீரையையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வது வழக்கம். ஊறுகாய், பொடி கொண்டுபோனால் மூன்றாம் நாள் உதவும்.

வயிற்றுப்போக்கு இந்தப் பயணத்தில் மிகச் சாதாரணம். மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர் மட்டும் குடியுங்கள், பல் துலக்கவும் அதுவே. ஐஸ் கட்டி வேண்டாம், நறுக்கிவைத்த பச்சைக் காய்கறியும் வேண்டாம். ஓஆர்எஸ் பொட்டலங்கள் பத்து, உங்கள் டாக்டர் எழுதித் தந்த மாத்திரைகள், அவற்றின் சீட்டு ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள்.

11. இறங்கும் நாள்

காலை உணவு முடிந்ததும் கேபினைக் காலி செய்யச் சொல்வார்கள், பெரும்பாலும் 8 மணி. பில்லை முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். காலையில் வரவேற்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள், நீங்கள் குடிக்காத பாட்டிலைப் பற்றிப் பேச அவகாசம் இருக்காது.

அன்றே சொந்த ஊர் விமானம் பிடிப்பதாக இருந்தால், கெய்ரோவில் உள்நாட்டு விமானத்துக்கும் வெளிநாட்டு விமானத்துக்கும் இடையே குறைந்தது ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். டிக்கெட்டுகள் தனித்தனி என்றால் பெட்டியை எடுத்து, டெர்மினல் மாறி, மறுபடி கொடுக்கவேண்டும். உள்நாட்டு விமானத்தின் பெட்டி எடை வரம்பும் குறைவாக இருக்கலாம்.

அஸ்வானில் அரை நாள் மிஞ்சினால் 1997-ல் திறந்த நூபிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். குளிரூட்டிய கட்டடம், கூட்டமும் இருக்காது. பெட்டிகளைக் கப்பல் வரவேற்பிலேயே விட்டுப்போக அனுமதிப்பார்கள். கப்பல் எத்தனை மணிக்குத் துறையிலிருந்து நகரும் என்று கேட்டுவிட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.